தெரியாது என்று சொல்லாத ரூட்டர்

வியாசர்பாடியில் யாரிடமாவது வழி கேட்டால் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள். அந்த விலாசத்தை அன்றுதான் முதல்முறையாகக் கேள்விப்படுகிறவர்கூட, கையிலிருக்கும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "நேரா போ நைனா, முட்டுச் சந்துல ஒரு இஸ்திரி வண்டி நிக்கும், அங்க கேளு" என்று அடுத்த இடத்துக்காவது அனுப்பிவைப்பார். வெளியூர்க்காரர்கள் இதை ஏமாற்று வேலை என்று நினைப்பதுண்டு. உண்மையில் இது மரியாதை. நம்பி வந்து கேட்டவரிடம் கையை விரிப்பது அந்த ஊரில் முகத்தில் கதவைச் சாத்துவதற்குச் சமம்.

எழில்மொழி அந்த ஊரில் பிறந்து, அந்த மரியாதையோடு வளர்ந்து, பிறகு அதையே உத்தியோகமாகவும் பார்த்தவர். தொண்ணூற்றேழாம் வருஷம், ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் சௌக்கத் அலி பாய் நடத்திவந்த கன்டெய்னர் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தார். ஏற்றுமதிச் சரக்கை மணலியில் இருந்த யார்டில் கன்டெய்னருக்குள் அடைத்து, டிரெய்லர் லாரியில் ஏற்றித் துறைமுகத்துக்கு அனுப்புவது கம்பெனியின் தொழில். யார்டு மணலியில், ஆபீஸ் ராயபுரத்தில், நடுவில் சாலை நெடுக அசையாமல் நிற்கும் டிரெய்லர்கள். ஆக, அந்தக் கம்பெனியில் நிஜமாகவே நகர்ந்துகொண்டிருந்தது பேச்சு ஒன்றுதான். அது முழுவதும் எழில்மொழியின் கை வழியாகத்தான் போனது.

அவர் மேசையில் இருந்த போர்டில் வெளி லைன் சில, உள் லைன் பல. அழைப்பவரைச் செருமலிலேயே கண்டுபிடித்துவிடுவார். யார் பாத்ரூமில் இருக்கிறார், யார் பாத்ரூமில் இருப்பதாகச் சொல்லச் சொல்லியிருக்கிறார் என்ற வித்தியாசம் அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவருக்கே தெரியும். கேட்ட ஆள் இல்லையென்றால் இல்லை என்று வைத்துவிடுகிற பழக்கம் அவரிடம் கிடையாது. "பாய் தொழுகைக்குப் போயிருக்காரு சார், டாகுமென்ட் செக்‌ஷன்ல குடுக்கறேன், அவங்களுக்குத் தெரியும்" என்பார். டாகுமென்ட் செக்‌ஷனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவர்களும் வடசென்னைக்காரர்கள், அக்கவுன்ட்ஸுக்கு அனுப்புவார்கள். வாடிக்கையாளர் மூன்று பேரிடம் பேசிவிட்டு, வேலை நடந்துவிட்ட திருப்தியோடு ஃபோனை வைப்பார். வேலை நடந்திருக்காது. திருப்தி மட்டும் நிஜம்.

சௌக்கத் அலி பாய் புதிய இயந்திரம் எதையும் நம்பாதவர். பக்கத்துக் கம்பெனிக்காரர் வாங்கிவிட்டால் மட்டும் மறுநாளே வாங்கிவிடுவார். அப்படித்தான் இரண்டாயிரத்து நாலாம் வருஷத்துக் கோடையில் ஆபீஸ் மொட்டைமாடியில் மணலியைப் பார்த்து ஒரு ரேடியோ தட்டு முளைத்தது. மணலி யார்டில் ராயபுரத்தைப் பார்த்து அதன் ஜோடி. இந்தப் பக்கம் ஒரு ரூட்டர், அந்தப் பக்கம் ஒரு ரூட்டர். இரண்டு இடத்துக் கம்ப்யூட்டர்களும் ஒரே குடும்பமாகிவிட்டன. டெலிபோன் பேச்சும் அதே ரேடியோ வழியிலேயே போகும் என்றார்கள். ராயபுரத்தில் எந்த மேசையிலிருந்தும் நம்பரைத் தட்டினால் மணலியில் மணி அடிக்கும். நடுவில் யாரும் வேண்டாம். போர்டைத் துடைத்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மாடிப்படிக்கு அடியில் வைத்தார்கள்.

போர்டை அப்படி வைக்கலாம். போர்டுக்காரியை எங்கே வைப்பது?

ஆளை வேலையை விட்டு நிறுத்துவது பாய்க்குக் கைவராத கலை. அதற்கு வேண்டிய மனமும் இல்லை, தைரியமும் இல்லை. இரண்டில் எது முதலில் இல்லை என்று அவராலேயே சொல்ல முடியாது. ஒருநாள் எழில்மொழியைக் கூப்பிட்டார்.

"இன்னா எயிலு, ஃபோனும் ஒயரு, இதுவும் ஒயரு. இந்த ரூட்டர் பொட்டியை நீயே பாத்துக்கோ. ரெண்டு மய காலம் பாப்போம். ஒயுங்கா ஓடிச்சுன்னா நீ இங்கதான். ஓடலைன்னா..."

பாய் வாக்கியத்தை முடிக்காமல் காலண்டரைப் பார்த்தார். எழில்மொழியே முடித்துக் கொடுத்தார்: "ஓடலைன்னா நானே கெளம்பிடறேன் பாய்."

சுலபமாகச் சொல்லிவிட்டார். வீட்டில் நிலைமை அத்தனை சுலபம் இல்லை. கணவர் மதி, மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்கு வெல்டிங் வைப்பவர். படகு கடலுக்குப் போனால் இவருக்கு வேலை இல்லை. படகு உடைந்து வந்தால் வேலை. ஊரார் கஷ்டம் தீர வேண்டும் என்று முழு மனதோடு வேண்டிக்கொள்ள முடியாத தொழில். மாசம் தவறாமல் அந்த வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது எழில்மொழியின் சம்பளம் மட்டும்தான். ஆக, இரண்டு மழைக்காலம்.

ரூட்டரை மாட்டிய கம்பெனியிலிருந்து அப்சல் என்று ஓர் இளைஞன் வந்தான். வண்ணாரப்பேட்டைக்காரன். முதுகில் பை, காதுக்குப் பின்னால் ஸ்குரூடிரைவர், எதைக் கேட்டாலும் "சூப்பர்க்கா" என்று ஒரு பதில். அவன்தான் பாடம் சொன்னான்.

"உங்க போர்டுல இன்னா பண்ணுவீங்க? இந்தாண்ட ஒருத்தரு, அந்தாண்ட ஒருத்தரு, நடுல ஒரு லைனைப் புட்ச்சிக் குடுத்துடுவீங்க. அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் அந்த லைனு அவங்களுக்குத்தான். கரீட்டா?"

"கரீட்டு."

"இங்க அந்தப் பேச்சே இல்ல. நீங்க ஒரு மெயில் அனுப்பறீங்கன்னு வெச்சுக்கோங்க. அதைத் துண்டு துண்டா நறுக்கிடும். ஒவ்வொரு துண்டு மேலயும் போவ வேண்டிய எடத்து நம்பரு. துண்டு வந்து ரூட்டர்ல வியும். ரூட்டரு அந்த நம்பரைப் பாக்கும், தன்கிட்ட கீற பட்டியலைப் பாக்கும், 'நீ இந்தாண்ட போ'ன்னு அடுத்த ரூட்டருக்குத் தள்ளி வுட்ரும். அப்பால அதை மறந்துடும்."

"போய்ச் சேந்துச்சான்னு பாக்காதா?"

"அது கடைசில கீற கம்ப்யூட்டரு கவலை. வந்துச்சுன்னா வந்துச்சுன்னு தகவல் குடுக்கும். தகவல் வரலைன்னா, அனுப்புன கம்ப்யூட்டரு இன்னொருவாட்டி அனுப்பும். ரூட்டருக்கு அதெல்லாம் தெரியாது."

"முழு வழியாவது தெரியுமா அதுக்கு?"

"அடுத்த மொனை மட்டும்தான்க்கா தெரியும்."

எழில்மொழி சற்று யோசித்தார். "அப்ப எங்க வியாசர்பாடி ஆளுங்க மாதிரின்னு சொல்லு."

"அவங்களேதான்!" என்றான் அப்சல்.

பட்டியல் ஒன்றும் பிரமாதமானது இல்லை. இந்த ஆபீஸ் நம்பர்கள் என்றால் இங்கேயே. மணலி யார்டு நம்பர்கள் என்றால் ரேடியோ வழியாக. இரண்டிலும் சேராத, உலகத்தில் மீதமுள்ள அத்தனை நம்பர்களும் இன்டர்நெட்டுக்குப் போகும் வெளி லைன் வழியாக. அமெரிக்காவும் அண்ணாநகரும் ராயபுரம் ரூட்டருக்கு ஒன்றுதான், இரண்டும் 'மற்றவை'. ஒரு நம்பர் இரண்டு வரிகளுக்குப் பொருந்தினால் எது எடுபடும் என்று எழில்மொழி கேட்டதற்கு, "வடசென்னைன்னு ஒரு வரி, வியாசர்பாடின்னு ஒரு வரி கீதுன்னா, உங்க வூட்டுக்கு வர துண்டு எதுல போவும்?" என்று திருப்பிக் கேட்டான் அப்சல். வியாசர்பாடியில்தான். துல்லியமான வரிக்கு முதல் மரியாதை. எதிலும் சிக்காததற்கு 'மற்றவை'.

உலகத்தையே இணைத்துவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த ஓர் ஏற்பாட்டில், முழு வழியும் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. அப்படியும் மெயில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. படித்தவர்கள் பலருக்கு இது நம்ப முடியாத சங்கதி. எழில்மொழிக்கு இதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை. தன்னைப் பெண் பார்க்க வந்தவர்களே அப்படித்தான் வீடு வந்து சேர்ந்தார்கள் என்றார்.

வேலை பிடித்துப்போயிற்று. கட்டளைகளை ஒரு விரலால் தட்டப் பழகினார். ரூட்டர் முரண்டு பிடிக்கும்போது, போர்டில் தப்பான நம்பர் கேட்டவர்களிடம் பேசிய அதே நயத்தோடு அதனிடமும் பேசினார். முதல் மழைக்காலம் பெரிய சேதமில்லாமல் போனது. அவ்வப்போது ரோட்டைத் தோண்டுகிறவர்கள் வெளி லைனை வெட்டிவிடுவார்கள், பாய் கத்துவார், யாராவது வந்து ஒட்டிவிட்டுப் போவார்கள்.

இரண்டாவது மழைக்கு முன்பே தோண்டல் அதிகமாகிவிட்டது. சாலை போட ஒரு கூட்டம், போட்ட சாலையைத் தோண்ட இன்னொரு கூட்டம். பாய் பொறுத்துப் பார்த்துவிட்டு, மணலி யார்டில் வேறொரு கம்பெனியிடமிருந்து இன்னொரு வெளி லைன் வாங்கிப் போட்டார். இப்போது ராயபுரத்துக்கு ஒரு வெளி வழி, மணலிக்கு ஒரு வெளி வழி, நடுவே இரண்டையும் சேர்க்கும் ரேடியோ.

எழில்மொழிக்குள் இருந்த ஆபரேட்டர் விழித்துக்கொண்டார். ஒரு லைன் இல்லையென்றால் இன்னொரு லைனில் கொடுப்பதுதானே அவர் பிழைப்பு? ராயபுரம் ரூட்டரின் பட்டியலில் அடியில் ஒரு வரி சேர்த்தார்: சொந்த வெளி லைன் செத்துப்போனால், 'மற்றவை' எல்லாம் மணலிக்குப் போகட்டும். மணலி ரூட்டரில் அதே மரியாதையோடு ஒரு வரி: உன் வெளி லைன் செத்துப்போனால், 'மற்றவை' எல்லாம் ராயபுரத்துக்குப் போகட்டும். ஒருவருக்குத் தெரியாவிட்டால் அடுத்தவரிடம் கேள். இதைவிட நாகரிகமான ஏற்பாடு இருக்க முடியுமா?

இருந்தாலும் அப்சலிடம் ஃபோனில் ஒருமுறை கேட்டுக்கொண்டார். அவன் பாரிமுனையில் ஏதோ ஒரு கட்டடத்தில் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தான். பாதி காதில் விழுந்தது, மீதி விழவில்லை.

"அக்கா, சூப்பர்க்கா!" என்றான்.

அவனும் வண்ணாரப்பேட்டைக்காரன். கேட்கிறவரிடம் எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

ஏற்பாடு அருமையாக ஓடியது. ராயபுரம் லைன் வெட்டுப்பட்டால் மெயில் மணலி வழியாகப் போனது. மணலி லைன் படுத்தால் ராயபுரம் வழியாக. பாய் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வெளியே வந்ததும் மற்ற கம்பெனிக்காரர்களிடம் சொல்லிக்கொண்டார்: "நம்ம கம்பெனில லைனு போனா, போனதே தெரியாது." அவர்களில் இரண்டு பேர் அடுத்த வாரமே அப்சலைக் கூப்பிட்டார்கள். மழை முடிந்ததும் எழில்மொழிக்கு நிரந்தரம் என்று பாய் வாயாலேயே சொல்லியும்விட்டார். ஆனால் மழை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

ஆரம்பித்த பிறகு அது நிற்கவில்லை. வடசென்னை முழுக்க மழைத் தண்ணீர், அதன் மேல் சாக்கடைத் தண்ணீர், அதன் மேல் எது என்று கேட்கக் கூடாத தண்ணீர். அன்று காலை எழில்மொழி வீட்டு வாசல்படியைத் தாண்டித் தண்ணீர் எட்டிப் பார்த்தது. பாத்திரங்களைக் கட்டில் மேல் ஏற்றி, மதியின் கையில் ஒரு பக்கெட்டைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

"இன்னிக்கும் போவணுமா?" என்றார் மதி.

"இன்னிக்கு போவாம என்னிக்கு போறது?"

ரயில் பாலத்தின் கீழ்வழி மூழ்கிக் கிடந்தது. தண்டவாளத்தை ஒட்டியே நடந்து, மூலக்கொத்தளத்தில் ஷேர் ஆட்டோ பிடித்து, அது பாதியில் மூச்சை விட, மீதியை நடந்து ஆபீஸ் வந்து சேர்ந்தார்.

ராயபுரம் வெளி லைன் விடியும்போதே போயிருந்தது. மணலி வெளி லைனும் போயிருந்தது. யார்டின் சாதாரண டெலிபோன் ஒயர் பூமிக்கடியில் மூழ்கிவிட்டது. செல்ஃபோன் டவர்கள் கரண்ட் இல்லாமல் ஊமையாகிவிட்டன. தரை வழி எல்லாம் செத்து, ஆகாய வழி ஒன்றுதான் மிச்சம்: மொட்டைமாடி ரேடியோ. ஜெனரேட்டர் புண்ணியத்தில் அது உயிரோடு இருந்தது. அதற்கான பச்சை விளக்கு ரூட்டரில் வெறி பிடித்ததுபோல் துடித்துக்கொண்டிருந்தது.

பாய் ரூட்டர் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சிங்கப்பூர் ஏஜென்ட்டிடமிருந்து ஒரு மெயில் வர வேண்டும். கப்பல் சென்னைக்குள் வருமா, மழையைப் பார்த்து வராமலேயே போய்விடுமா என்று அதில்தான் தெரியும்.

"லைட்டு இன்னா போடு போடுது பாரு எயிலு! வேலை ஜோரா நடந்துகினு கீது. மெயில் உள்ள வந்துகினு கீது போல."

அப்போது ரேடியோ வழி ஃபோனில் மணி அடித்தது. மணலி யார்டிலிருந்து கிருஷ்ணப்பன். கேட் முதல் கிரேன் வரை அங்கே எல்லாம் அவர் பொறுப்பு. பேச்சு முழுசாக வரவில்லை. தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவதுபோல் வந்தது.

"எயிலு... பின்... செவுரு..."

"அண்ணா! இன்னாண்ணா? கேக்கலை!"

"சடையங்குப்பம் பக்கம்... ஒட்சிக்... எந்த பொட்டியை மொத..."

அறுந்துவிட்டது. எழில்மொழி மறுபடி அடித்தார், மணியே போகவில்லை. மறுபடி அடித்தார், ஒரு இருமல் மட்டும் வந்தது.

வந்த அரைகுறையை வைத்தே விஷயம் புரிந்தது. சடையங்குப்பம் பக்கமிருந்து தண்ணீர் யார்டின் பின்சுவரை உடைத்துக்கொண்டு வருகிறது. சரக்கு அடைத்த கன்டெய்னர்கள் தரையில் நிற்கின்றன. கிரேன் வண்டியின் இன்ஜினுக்குத் தண்ணீர் எட்டுவதற்குள் அவற்றைத் தூக்கிக் காலி கன்டெய்னர்கள் மேல் வைக்க வேண்டும். எல்லாவற்றையும் தூக்க நேரம் இருக்காது. எதை முதலில் தூக்குவது? கஸ்டம்ஸ் சீல் வைத்த கன்டெய்னரை ஆபீஸ் வார்த்தை இல்லாமல் அசைக்கக் கூடாது என்பது பாய் போட்ட சட்டம். கிருஷ்ணப்பன் சட்டத்தை மீறாதவர். பாய்க்கு இத்தனை வருஷமாகப் பெருமையாக இருந்த குணம் அது.

எழில்மொழி அந்தப் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே போகும் வழி இரண்டு பக்கமும் செத்தாயிற்று. யார்டில் கம்ப்யூட்டர் முன்னால் யாரும் இல்லை, எல்லோரும் தண்ணீரில் நிற்கிறார்கள். அப்படியானால் இந்த ரேடியோவில் இத்தனை வேகமாகப் போவதும் வருவதும் யார்?

அப்சல் கற்றுக்கொடுத்த ஒரு கட்டளை நினைவுக்கு வந்தது. ஒரு விலாசத்தைச் சொன்னால், அந்த விலாசத்துக்குப் போகும் துண்டு எந்தெந்த ரூட்டரைத் தாண்டுகிறது என்று வரிசையாகக் காட்டும். சிங்கப்பூர் விலாசத்தைத் தட்டினார். திரையில் வரிகள் மெதுவாக வந்தன. ராயபுரம் ரூட்டர். மணலி ரூட்டர். ராயபுரம் ரூட்டர். மணலி ரூட்டர். இடையில் ஒன்றிரண்டு வரி வெறும் நட்சத்திரக் குறி. பிறகு மறுபடி ராயபுரம், மறுபடி மணலி.

எழில்மொழி தலையில் கை வைத்துக்கொண்டார்.

ராயபுரம் ரூட்டர் சொல்கிறது: எனக்கு வெளியே வழி இல்லை, மணலியைக் கேள். மணலி சொல்கிறது: எனக்கும் வழி இல்லை, ராயபுரத்தைக் கேள். இரண்டும் அவர் சொல்லிக்கொடுத்தபடியே, துளியும் மரியாதை குறையாமல், ஒவ்வொரு துண்டையும் ஒன்றிடம் ஒன்று அனுப்பிக்கொண்டிருந்தன. தள்ளியதை உடனே மறந்துவிடுவதால், இதே துண்டு சற்று முன்னால் இங்கேதான் வந்தது என்பதும் இரண்டுக்கும் தெரியாது. துண்டுகள் முடிவில்லாமல் அலையக் கூடாது என்று யாரோ ஒரு புண்ணியவான் ஏற்பாடு செய்திருக்கிறார்: ஒவ்வொரு துண்டும் ஓர் எண்ணைச் சுமந்து வரும், ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும், பூஜ்யமானால் துண்டு அங்கேயே கைவிடப்படும். ஆனால் அந்த எண் நூற்றுச் சொச்சத்தில் ஆரம்பிக்கிறது. ஒருமுறை போக வேண்டிய துண்டு, சாவதற்குள் அந்தக் குறுகிய ரேடியோ வழியில் நூறு தடவைக்கு மேல் நடக்கிறது. பதில் வராத கம்ப்யூட்டர்கள் அதே துண்டை மறுபடி அனுப்புகின்றன. போதாக்குறைக்கு ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் குடியிருந்த வைரஸ்கள் உலகத்தில் உள்ள முகவரிகளுக்கெல்லாம் சதா கதவைத் தட்டிக்கொண்டிருந்தன. கிருஷ்ணப்பனின் குரலும் துண்டுகளாகத்தான் வர வேண்டும். அந்தக் கூட்டத்துக்குள் அது எங்கே நுழைவது?

விளக்கு எத்தனை வேகமாகத் துடித்ததோ அத்தனைக்கு வேலை நடக்கவில்லை. சில ஆபீஸ்களில் மனிதர்களிடமும் இதைப் பார்க்கலாம்.

"பாய், அந்த மாத்து வழியை நான் எடுக்கப்போறேன்."

"எதை?"

"நம்ம வெளி லைன் போனா மணலிக்கு அனுப்புன்னு எயுதினேனே, அதை."

பாய் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "இன்னா பேசற? மணலி லைனு எப்ப வேணா வரும். வந்தா என் மெயிலு அந்த வழியாத்தானே வரணும்? அதையும் நீ அடைச்சுட்டா?"

"அது வராது பாய். இப்ப வந்துகினு கீறது எதுவுமே வெளிய இருந்து வரலை. நம்மளுதே சுத்திகினு கீது."

"லைட்டு எரியுதேம்மா!"

"அதான் பாய் பேஜாரே!"

"எயிலு, இங்க பாரு. அந்த மெயிலு வரலைன்னா எனக்கு கப்பலே போச்சு. நீ கை வெச்சு, அப்பால அது வராம போச்சுன்னா..." பாய் வழக்கம்போல் வாக்கியத்தை முடிக்கவில்லை. இந்த முறை காலண்டரைப் பார்க்காமல் எழில்மொழியையே பார்த்தார்.

எழில்மொழியும் இந்த முறை முடித்துக் கொடுக்கவில்லை. விளக்கிச் சொல்ல நேரம் இல்லை. சொன்னாலும், தப்பு தன் பக்கம் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். மணலியில் ஒரு மனிதர் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நிற்கிறார். ஒற்றை விரலால் அந்த வரியைத் தட்டி அழித்தார். ஒரு பக்கம் அழித்தால் போதும். இனிமேல் ராயபுரம் ரூட்டர், வெளியே போகக் கேட்டு வரும் துண்டுகளிடம் வழி இல்லை என்று சொல்லி அங்கேயே நிறுத்திவிடும்.

பச்சை விளக்கு தடுமாறி, வேகம் குறைந்து, எப்போதாவது ஒருமுறை கண் சிமிட்ட ஆரம்பித்தது.

"போச்சு," என்றார் பாய். "அணைஞ்சுபோச்சு பாரு. இன்னா காரியம் பண்ண!"

மணி அடித்தது. எழில்மொழி எடுத்ததும், பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் கிருஷ்ணப்பன் குரல் கேட்டது.

"இன்னாம்மா எயிலு, அந்தாண்ட உசுரோடத்தான் கீறீங்களா? நான் இங்க ஃபோனுகிட்ட ஒண்டியா பேசிகினு நிக்கறேன், பசங்க எனக்குப் பைத்தியம் புட்ச்சிச்சுன்றானுங்க!"

"அண்ணா, பாய் கிட்ட பேசுங்க, ஜல்தி!"

பாய் ரிசீவரை வாங்கினார். "கிருஷ்ணப்பா, தண்ணி எங்க வந்துக்குது?"

"பின் செவுரு ஒட்சிகினு வந்துருச்சு பாய். கணுக்கால் அளவு கீது. வண்டி இன்னும் ஓடுது. எந்த பொட்டியை மொத தூக்கட்டும்?"

"தோலு பொட்டியைத் தூக்கு. அப்பால துணி. வெங்காயத்தை வுட்ரு."

"சீலு வெச்ச பொட்டி பாய். தூக்கிடட்டுமா? நாளைக்கு கஸ்டம்ஸ்காரன் கேட்டான்னா?"

"நான் சொல்லிக்கறேன், தூக்குய்யா! நீ எங்க நிக்கற?"

"டேபிள் மேல."

"அங்கியே நில்லு, எறங்காத. வண்டி ஓட்றவனை வுட்டு மத்த பசங்களை மாடிக்கு அனுப்பு."

ரிசீவரை வைத்த பாய் நாற்காலியை ஃபோனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். மெயிலைப் பற்றிக் கேட்கவில்லை. அன்று முழுக்க மணலிக்கும் ராயபுரத்துக்கும் நடுவே அந்த ஒரு ஃபோன்தான் வேலை செய்தது. கிருஷ்ணப்பன் தூக்கி வைத்த ஒவ்வொரு கன்டெய்னருக்கும் ஒரு தடவை கூப்பிட்டார். சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, இருந்தாலும் சொன்னார்.

தோலும் துணியும் தப்பித்தன. வெங்காயம் தப்பிக்கவில்லை. அந்த வாசனை யார்டை விட்டுப் போவதற்குள் பொங்கல் வந்துவிட்டது. மேலே பளு இல்லாத ஒரு காலி கன்டெய்னர் மட்டும் தண்ணீரில் மிதந்து கேட் வரை போய் நின்றதாகவும், கேட் பாஸ் இல்லாததால் தான் அதை வெளியே விடவில்லை என்றும் கிருஷ்ணப்பன் பிற்பாடு சொன்னார். சிங்கப்பூர் மெயில் தண்ணீர் வடிந்த பிறகு வந்தது. அதன் தேதியைப் பார்த்தால், பாய் நாற்காலி போட்டுக் காத்திருந்த அன்று அது எழுதப்படவே இல்லை.

லைன்கள் உயிர்பெற்றதும் அப்சல் வந்தான். பட்டியல்களைப் பார்த்தான். முகம் சுருங்கியது.

"அக்கா, இதை நான் அன்னிக்கு சூப்பர்னு சொன்னேனா?"

"சொன்ன."

"நான் ஏணி மேல இருந்தேன்க்கா."

"தெரியும். கீய வந்தப்புறமாவது ஒரு ஃபோன் போட்ருக்கலாம்."

அவன் ஸ்குரூடிரைவரைக் காதிலிருந்து எடுத்து மறுபடி காதிலேயே வைத்துக்கொண்டான். பிறகு குரலைத் தாழ்த்தி, "பாய்கிட்ட இன்னா சொல்லப்போறீங்க? மய மேல போட்ருங்க. ஊரே மயதான் காரணம்னு சொல்லிகினு கீது. இதுல ரெண்டு ரூட்டரைச் சேத்தா யாருக்குத் தெரியும்?" என்றான்.

யோசனை மோசமில்லை. அந்த வருஷம் வடசென்னையில் மழையின் மேல் போடப்பட்ட பழிகளைச் சேர்த்துப் பார்த்தால், பெய்த மழை ரொம்பக் குறைவு. எழில்மொழிக்கும் அது சரியாகத்தான் பட்டது. பாய் அறைக் கதவு வரை அதே யோசனையோடுதான் போனார். உள்ளே போய் உட்கார்ந்ததும் வாய் வேறு மாதிரி பேசிவிட்டது. போர்டில் யார் யாருக்காகவோ தினம் பொய் சொன்னவருக்குத் தனக்காக ஒரு பொய் சொல்ல வரவில்லை.

பாய் முழுக்கக் கேட்டார். இடையில் ஒருமுறை கையை நீட்டி இடது விரலையும் வலது விரலையும் மாற்றி மாற்றிக் காட்டி, "இவரு அவரை கேளுன்றாரு, அவரு இவரை கேளுன்றாரு. அப்டித்தானே?" என்று உறுதிப்படுத்திக்கொண்டார்.

"ஆமா பாய்."

"அப்ப அன்னிக்கு லைனை அடைச்சது மய இல்ல, நீ."

"நான்தான்."

"தொறந்ததும் நீ."

"ஆமா."

"மெயிலு வரும்னு நான் குந்திகினு இருந்தது..."

பாய் அதற்கு மேல் அந்த வாக்கியத்தைத் தொடரவில்லை. மேசை மேலிருந்த கண்ணாடி உருண்டையைக் கொஞ்ச நேரம் உருட்டினார்.

"இப்ப உன்னை அனுப்பிட்டு வேற ஆளை வெச்சேன்னு வெச்சுக்கோ. அவனும் ஒரு தப்பு பண்ணுவான். அது எங்க கீதுன்னு அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உன் தப்பு எனக்குத் தெரிஞ்ச தப்பு. நீ இரு. நிரந்தரம்னு ஆபீஸ்ல சொல்லிடறேன்."

இந்த நியாயம் எந்த நிர்வாகப் புத்தகத்திலும் இருக்காது. ஆனால் புத்தகம் படித்து நடந்த பக்கத்துக் கம்பெனிகளில் அந்த மழையில் எவ்வளவு சரக்கு மூழ்கியது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

எழில்மொழி எழுந்து நின்றார். நன்றி சொல்வார் என்று பாய் எதிர்பார்த்திருக்க வேண்டும். முகத்தை அதற்குத் தகுந்தபடி வைத்துக்கொண்டார்.

"பாய், எனக்கு மூணு நாள் லீவு வேணும்."

"இன்னாது?"

"வூடெல்லாம் சேறு. அன்னிலேந்து வந்துகினே கீறேன். மதி ஒண்டியா வாரிக்கொட்டிகினு கீறாரு. செவுரு ஊறிப்போய்க் கெடக்குது. சாமானெல்லாம் இன்னும் கட்டில் மேலதான்."

"நிரந்தரம்னு சொல்லி வாய் மூடலை, மொத வேலையா லீவு கேக்கறியே!"

"நிரந்தரம்னு சொன்னதாலதான் பாய் கேக்கறேன். நேத்து வரைக்கும் கேக்க பயமா இருந்துச்சு."

பாய் கண்ணாடி உருண்டையை வைத்துவிட்டார். ஸ்டோரிலிருந்து ஒரு பை பிளீச்சிங் பவுடர் கொடுக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். எழில்மொழி அதை இடுப்பில் தாங்கிக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே, அலுவலக நேரத்தில், எல்லோரும் பார்க்கப் படியிறங்கிப் போனார்.